பார்க் ஃபெர்மே: புதிதாகக் கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவரையும் முதல் வார இறுதியிலேயே குழப்பிவிடும் சொல் ‘பார்க் ஃபெர்மே’. சனிக்கிழமை, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்று நடக்கும்போது, கார்கள் இப்போது பார்க் ஃபெர்மேயில் இருப்பதாக வர்ணனையாளர் சொல்வார். திரையிலோ அதே கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்து வெற்றியாளர் காரை நிறுத்தும் இடத்துக்கும் அவர் அதே பெயரைச் சொல்வார். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி நேரக் கணக்கில் மோதும் ராலி பந்தயத்தின் பக்கம் போனாலோ, இரவில் கார்களை அடைத்துவைத்துக் காவல் போடும் மைதானத்துக்கு அந்தப் பெயர் வழங்குவதைக் காணலாம். இந்த மூன்று பொருள்களும் எங்கிருந்து கிளைத்தன, பந்தயத்தைப் பார்க்கும்போது எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே படிப்படியாகக் காண்போம்.

முதற்படி: சொல்லையும் அதன் ஊரையும் அறிந்துகொள்ளுங்கள்

இது பிரெஞ்சுத் தொடர். ‘பார்க்’ என்பது இங்கே பூங்கா அன்று; வேலியிட்டு வளைக்கப்பட்ட இடம் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். கால்நடைகளை அடைக்கும் இடத்துக்கும், படையின் பீரங்கிகளையும் வண்டிகளையும் நிறுத்திவைக்கும் இடத்துக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லையே ஆண்டனர். ‘ஃபெர்மே’ என்றால் மூடப்பட்டது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மூடிய பூங்கா’ என்று எழுதுவது பொருளைக் கெடுத்துவிடும். மாடுகளை ஓட்டிவந்து படலைச் சாத்திவிடும் நம் ஊர்ப் பட்டிதான் அந்தச் சொல்லுக்கு மிக நெருக்கமானது. ஒலிக்கும்போது இறுதி எழுத்தைச் சற்று அழுத்தி, ‘ஃபெர்மே’ என்று முடிக்க வேண்டும். ‘ஃபெர்ம்’ என்று நிறுத்தினால் அது வேறு சொல்லாகிவிடும்.

பந்தய அகராதியில் பிரெஞ்சுச் சொற்கள் இவ்வளவு மலிந்திருப்பதற்குக் காரணம் எளிது. மோட்டார் வண்டிப் பந்தயம் ஓர் ஒழுங்குக்குள் வந்ததே பிரான்சில்தான். 1895இல் தொடங்கப்பட்ட பிரான்சு ஆட்டோமொபைல் கிளப் தொடக்க காலப் பந்தயங்கள் பலவற்றை நடத்தியது; இன்று உலகப் பந்தயங்களை ஆளும் எஃப்ஐஏ அமைப்பின் முன்னோடிச் சங்கமும் 1904இல் பாரிஸில்தான் உருவாயிற்று. கிராண்ட் பிரீ, சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), சிகேன் (வேகத்தைக் குறைக்கப் போடும் நெளிவு) ஆகியவை அந்த வழியில் வந்தவை. பார்க் ஃபெர்மேயும் அவற்றோடு வந்து, மொழிபெயர்க்கப்படாமலேயே எல்லா நாட்டு விதிநூல்களிலும் தங்கிவிட்டது.

இரண்டாம் படி: 1906ஆம் ஆண்டின் லெ மான் இரவைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விதி எதற்காக இருக்கிறது என்பதை இன்றைய விதிநூலிலிருந்து புரிந்துகொள்வதைவிட, கிராண்ட் பிரீ என்ற பெயரில் நடந்த முதல் பெரும் பந்தயத்திலிருந்து புரிந்துகொள்வது எளிது என்பது என் கருத்து. 1906 ஜூன் 26, 27 ஆகிய இரு நாள்களில், லெ மான் நகருக்கு வெளியே, பொதுச் சாலைகளை மூடி உருவாக்கிய ஏறக்குறைய 103 கிலோமீட்டர் முக்கோணப் பாதையில் அந்தப் பந்தயம் நடந்தது. நாளொன்றுக்கு 6 சுற்றுகளாக மொத்தம் 12 சுற்றுகள், சுமார் 1,238 கிலோமீட்டர் ஓட வேண்டும். புறப்பட்டவை 32 கார்கள். பந்தயத்தின்போது ஓட்டுநரும் அவருடன் அமர்ந்து செல்லும் மெக்கானிக்கும் தவிர வேறெவரும் காரில் கைவைக்கக் கூடாது என்பது விதி.

பந்தயம் இரண்டு நாள் நடக்கிறது என்றால் இடையில் ஓர் இரவு உண்டு. பணமும் ஆள்பலமும் உள்ள தொழிற்சாலை, அந்த இரவில் காரைப் பிரித்துப் போட்டு, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, காலையில் புத்தம்புதுக் காரோடு வந்து நின்றால், முதல் நாள் ஓட்டத்துக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அதனால் அன்று ஓட்டத்தை முடித்த கார்களை ஓரிடத்தில் அடைத்து, விளக்குப் போட்டுக் காவலும் வைத்தார்கள். அடைபட்ட கார்களில் பழுதுபார்ப்பு, பராமரிப்பு எதற்கும் இடமில்லை.

மறுநாள் காலையில் எஞ்சினை முன்கூட்டி இயக்கவும் அனுமதி இல்லை என்பதால், எஞ்சின் இரைச்சலுக்குப் பழக்கப்படுத்திய குதிரையைக் கட்டி ஒவ்வொரு காரையும் பட்டியிலிருந்து புறப்படும் கோட்டுக்கு இழுத்துவந்தார்கள். முதல் நாள் ஓட எடுத்துக்கொண்ட நேரமே மறுநாள் புறப்படும் நேரமாக அமைந்தது. அதன்படி 5 மணி 45 நிமிடத்தில் முதல் நாளை முடித்திருந்த ஃபெரென்ஸ் ஸீஸ் என்ற ஹங்கேரியர், காலை 5.45க்குத் தம் ரெனோ காரில் கிளம்பினார். கிளம்பினார் என்று சொல்வதுகூட முழுச் சரியில்லை. இரவெல்லாம் தொட முடியாத காருக்கு டயர் மாற்றி, எரிபொருள் நிரப்பி முடிக்க அவருக்குப் பதினொரு நிமிடத்துக்கும் மேல் ஆயிற்று. அந்த நிமிடங்களும் பந்தயக் கணக்கில்தான் ஓடின. அப்படியும் அவரே வென்றார். மிஷெலின் நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்திருந்த, கழற்றி மாட்டக்கூடிய ரிம் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது. டயரை ரிம்மிலிருந்து அறுத்தெடுத்து மாற்ற வேண்டியிருந்தவர்கள் ஒவ்வொரு பஞ்சரிலும் நிமிடங்களை இழந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, விதியின் உயிர்நாடி இதுதான்: காரை மாற்றுவதற்குத் தடை, மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கான விலையைப் பந்தயக் கடிகாரத்திடம் செலுத்த வேண்டும். இன்று நடக்கும் எல்லாம் இதன் நீட்சியே.

மூன்றாம் படி: இடமா, நிலையா என்று கேளுங்கள்

பார்க் ஃபெர்மே என்ற சொல் காதில் விழும்போதெல்லாம், பேசுபவர் ஓர் இடத்தைச் சொல்கிறாரா, காரின் மீது விழுந்திருக்கும் ஒரு கட்டுப்பாட்டைச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எஃப்ஐஏவின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பு அதை இடமாகவே வரையறுக்கிறது: போட்டியாளர் தம் வண்டியைக் கட்டாயமாகக் கொண்டுவந்து விட வேண்டிய, நன்றாக அடைக்கப்பட்ட, போதிய பரப்புள்ள இடம்; பொறுப்பளிக்கப்பட்ட அதிகாரிகள் மட்டுமே அதற்குள் நுழையலாம்; அவர்களின் அனுமதியின்றிச் சோதித்தல், சரிசெய்தல், பழுதுபார்த்தல் எதுவும் நடக்கக் கூடாது. இந்த அடிப்படை எல்லா வகைப் பந்தயங்களுக்கும் பொது. ஃபார்முலா ஒன் மட்டும் இதை ஒரு படி மேலே கொண்டுபோய், வேலியை எடுத்துவிட்டு விதியை மட்டும் காரோடு அனுப்பிவைத்தது. கார் அணியின் சொந்த கேரேஜில் நின்றாலும், ஓடுதளத்தில் ஓடினாலும், அது ‘பார்க் ஃபெர்மே நிலையில்’ இருக்கிறது என்று கொள்ளப்படும்.

நான்காம் படி: சனிக்கிழமை பூட்டு விழும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஃபார்முலா ஒன்னில் தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் இடையில் கார்களைப் பூட்டும் வழக்கம் 2003இல் வந்தது. அதற்கு முன்பு சனிக்கிழமைக்கு ஒரு கார், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கார் என்று சொல்லும் அளவுக்கு அணிகள் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தன. 1980களின் டர்போ காலத்தில் தகுதிச் சுற்றின் சில சுற்றுகளுக்காக மட்டுமே முறுக்கேற்றிய எஞ்சின்களை மாட்டி, அன்று மாலையே கழற்றிப்போட்ட கதையெல்லாம் உண்டு. செலவைக் குறைக்கவும், சனிக்கிழமை பார்த்த காரே ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவதை உறுதிப்படுத்தவும் பூட்டு போடப்பட்டது. ஞாயிறு காலை நடந்துவந்த வெள்ளோட்டமும் அதோடு நின்றுபோயிற்று.

வழக்கமான வார இறுதியில், தகுதிச் சுற்றுக்காக ஒரு கார் பிட் லேனை, அதாவது அணிகளின் கேரேஜ்களை ஒட்டிய பாதையை, விட்டு முதன்முறையாக வெளியேறும் கணத்தில் அதன் மீது பூட்டு விழுகிறது. அதுவரை மூன்று பயிற்சி அமர்வுகளிலும் அணி தன் விருப்பப்படி எதையும் மாற்றலாம். அதன் பிறகு ஞாயிறு பந்தயம் தொடங்கும்வரை முடியாது. ஆகவே சனிக்கிழமை மூன்றாம் பயிற்சிக்கும் தகுதிச் சுற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கேரேஜ்களில் தெரியும் பரபரப்பைக் கவனியுங்கள். கடைசி முடிவுகள் அப்போதுதான் எடுக்கப்படுகின்றன.

எதையெல்லாம் தொடலாம் என்பது நீண்ட பட்டியல். எஞ்சினை இயக்கிப் பார்க்கலாம். எரிபொருள் ஏற்றலாம், இறக்கலாம். சக்கரங்களைக் கழற்றி மாட்டலாம். டயரின் காற்றழுத்தத்தைப் பார்க்கலாம். பிரேக் அமைப்பில் தங்கிய காற்றை வெளியேற்றலாம். பேட்டரிகளைச் சார்ஜ் செய்யலாம். காரைக் கழுவித் துடைக்கலாம். ஓட்டுநரின் வசதிக்காகக் கண்ணாடி, பெல்ட், பெடல் ஆகியவற்றைச் சரிசெய்யலாம். காரின் ஓட்டத்தையே பாதிக்கும் மாற்றங்களில் அனுமதிக்கப்படுவது ஏறக்குறைய ஒன்றே ஒன்று: காற்றின் அழுத்தத்தால் காரைத் தரையோடு அமுக்கும் தகடான விங்கில், முன் விங்கின் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம், அதுவும் ஏற்கெனவே காரில் உள்ள பாகங்களை வைத்துக்கொண்டே. ஸ்பிரிங்குகள், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பார், தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி, பின் விங் ஆகியவை சனிக்கிழமை எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். சனிக்கிழமை வெயிலடித்து ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டினால், வெயிலுக்கு இறுக்கி அமைத்த காரோடு மழையில் இறங்கி மல்லுக்கட்ட வேண்டியதுதான். பார்வையாளருக்கு அது நல்ல விருந்து.

இரவில் கார்களின் மேல் உறை போர்த்தி எஃப்ஐஏ முத்திரையிடுகிறது. மறுநாள் குறிப்பிட்ட நேரத்தில் அதிகாரிகள் முன்னிலையில் முத்திரை நீக்கப்படுகிறது. ஒவ்வொரு காருக்கும் ஒரு சோதனை அதிகாரி நியமிக்கப்பட்டிருப்பார். ஏதாவது பாகம் உடைந்தாலோ தேய்ந்தாலோ, எஃப்ஐஏவின் தொழில்நுட்பப் பிரதிநிதிக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, எடையிலும் வடிவத்திலும் பயனிலும் அதேபோன்ற பாகத்தை மாட்டிக்கொள்ளலாம். அப்படி மாற்றப்பட்டவற்றின் பட்டியலை எஃப்ஐஏ தன் இணையதளத்தில் பந்தயத்துக்கு முன் வெளியிடுகிறது. புதியவர்கள் அதை ஒருமுறையாவது திறந்து பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். வர்ணனையாளர்கள் சொல்லாமல் விடும் பல செய்திகள் அந்த வறண்ட தாளில் இருக்கும்.

விபத்தில் சேதமான பாகத்தைச் சரிசெய்வதற்குத் தடையில்லை. 2020 ஹங்கேரி பந்தயத்தில் ரெட் புல் அணியின் ஓட்டுநர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் புறப்படும் கட்டத்துக்கு வரும் வழியிலேயே ஈரத்தில் சறுக்கித் தடுப்பில் மோதினார். அணியின் மெக்கானிக்குகள் ஓடுதளத்திலேயே காரைச் சூழ்ந்து முன் இடப்பக்க சஸ்பென்ஷனை மாற்றி, நேரம் முடிவதற்குள் வேலையை முடித்தார்கள். அவர் அன்று இரண்டாம் இடம் பிடித்தார்.

ஐந்தாம் படி: பிட் லேனிலிருந்து புறப்படுபவரைக் கவனியுங்கள்

பூட்டை உடைக்கவே முடியாது என்பதில்லை. உடைத்தால் எல்லோரும் புறப்பட்டுப்போன பிறகு பிட் லேனிலிருந்து புறப்பட வேண்டும். லெ மானில் ஸீஸ் செலுத்திய விலையின் இன்றைய வடிவம் இது. தகுதிச் சுற்றில் பின்தங்கிவிட்ட அணிகள் சில வேளைகளில் இந்தத் தண்டனையைத் தாமாகவே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஏற்கெனவே கடைசி வரிசையில் நிற்பவருக்கு இழப்பதற்கு அதிகமில்லை.

இதற்குச் சிறந்த பாடம் 2012 அபுதாபி. தகுதிச் சுற்றில் மூன்றாமிடம் பெற்ற செபாஸ்டியன் வெட்டலின் காரில், சோதனைக்கு எடுக்க வேண்டிய ஒரு லிட்டர் எரிபொருள் மிஞ்சியிருக்கவில்லை. தகுதிச் சுற்றின் முடிவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். கடைசி இடத்திலிருந்து புறப்படுவதற்குப் பதிலாக, ரெட் புல் அணி காரைப் பார்க் ஃபெர்மே நிலையிலிருந்து வெளியே எடுத்து, கியர் விகிதங்களையும் சஸ்பென்ஷன் அமைப்பையும் முந்திச் செல்வதற்கு ஏற்றவாறு மாற்றி, பிட் லேனிலிருந்து அனுப்பியது. வெட்டல் மூன்றாமவராக வந்து மேடையேறினார். இனி ஒரு நட்சத்திர ஓட்டுநர் பிட் லேனில் காத்து நிற்பதைக் கண்டால், பரிதாபப்படுவதற்கு முன் அந்தக் காரில் என்ன மாற்றினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: ஸ்பிரிண்ட் வார இறுதியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்

சிறு பந்தயமான ஸ்பிரிண்ட் 2021இல் வந்தபோது வெள்ளிக்கிழமையே பூட்டு விழுந்து ஞாயிறுவரை நீடித்தது. ஒரே ஒரு பயிற்சி அமர்வில் கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு மூன்று நாளுக்கும் காரை அமைக்க வேண்டியிருந்தது. இது மோசமான ஏற்பாடு என்பதை அமெரிக்காவில் நடந்த 2023 ஆஸ்டின் பந்தயம் காட்டிற்று. காரின் அடியில் பொருத்தப்படும் பலகை 9 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக் கூடாது. இரண்டாவதாக வந்த லூயிஸ் ஹாமில்டனின் காரிலும், ஆறாவதாக வந்த சார்ல் லெக்லேரின் காரிலும் அது அளவுக்கு மீறித் தேய்ந்திருந்ததால் இருவருமே நீக்கப்பட்டனர். கார் தரையை உரசுகிறது என்று தெரிந்தாலும், பூட்டு விழுந்த பிறகு உயரத்தைக் கூட்ட வழியில்லை.

2024 முதல் பூட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஸ்பிரிண்டுக்கான தகுதிச் சுற்றில் விழும் முதல் பூட்டு ஸ்பிரிண்டோடு முடிகிறது. அதன் பின் அணிகள் காரை மாற்றியமைக்கலாம். முக்கியத் தகுதிச் சுற்றில் இரண்டாம் பூட்டு விழுகிறது.

ஏழாம் படி: கொடி விழுந்த பின் தொலைக்காட்சியை அணைக்காதீர்கள்

பந்தயம் முடிந்ததும் சொல் மீண்டும் இடமாகிவிடுகிறது. முதல் மூன்று பேரும் 1, 2, 3 என்று எழுதிய பலகைகளின் முன் காரை நிறுத்துகிறார்கள். மற்றக் கார்களும் அதிகாரிகளின் கட்டுப்பாட்டுக்குள் செல்கின்றன. ஓட்டுநர்கள் தலைக்கவசத்தோடு எடை பார்க்கப்படுகிறார்கள். மோட்டோ ஜிபி போன்ற மோட்டார்சைக்கிள் பந்தயங்களில் இந்தச் சொல்லைக் கேட்டால் பெரும்பாலும் இந்த இடத்தையே குறிக்கும்.

2019 கனடா பந்தயத்தில், கோட்டை முதலில் கடந்தும் 5 விநாடித் தண்டனையால் வெற்றியை இழந்த வெட்டல், தமக்குரிய இடத்தில் காரை நிறுத்த மறுத்தார். பிறகு நடந்தே வந்து, ஹாமில்டனின் காருக்கு முன்னாலிருந்த 1ஆம் எண் பலகையைத் தூக்கித் தம் கார் நின்றிருக்க வேண்டிய வெற்றிடத்தில் வைத்து, 2ஆம் எண்ணை ஹாமில்டனின் காருக்கு முன் வைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது; முடிவு மாறவில்லை.

இங்கே பிறர் காரைத் தொடுவதும் குற்றம். 2021 நவம்பரில் சாவ் பாலோவில் தகுதிச் சுற்று முடிந்ததும் வெர்ஸ்டாப்பன், ஹாமில்டனின் காருக்குப் பின்னால் சென்று அதன் பின் விங்கைக் கையால் தொட்டுப் பார்த்தார். பார்வையாளர் ஒருவர் எடுத்த காணொளியில் அது பதிவாகியிருந்தது. தொட்டதால் விங்குக்குச் சேதமில்லை என்று நடுவர்கள் கண்டபோதும் 50,000 யூரோ அபராதம் விதித்தார்கள். நேர்ப்பாதையில் வேகம் கூட்டுவதற்காகத் திறக்கும்படி அமைந்திருந்த அதே விங்கின் இடைவெளி அனுமதிக்கப்பட்ட 85 மில்லிமீட்டரைத் தாண்டித் திறந்ததாகச் சோதனையில் தெரியவந்து, ஹாமில்டனும் தகுதிச் சுற்று முடிவிலிருந்து நீக்கப்பட்டார்.

மேடையில் கோப்பை கொடுத்துவிட்டார்கள் என்பதால் முடிவு உறுதியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 2024 பெல்ஜியம் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் முதலாவதாக வந்தார். அவருடைய மெர்சிடிஸ் கார் முதலில் எடை பார்த்தபோது சரியாக 798 கிலோ காட்டிற்று; குறைந்தபட்ச எடையும் அதுவே. பிறகு தொட்டியில் எஞ்சியிருந்த எரிபொருளை வடித்துவிட்டு மீண்டும் எடை பார்த்தபோது 796.5 கிலோவாக இறங்கியது. ரஸ்ஸல் நீக்கப்பட்டார்; வெற்றி இரண்டாவதாக வந்த ஹாமில்டனுக்குப் போயிற்று. எனவே ‘தற்காலிக முடிவு’ என்ற தலைப்போடு வரும் தாளையும் ‘இறுதி முடிவு’ என்ற தாளையும் வேறுபடுத்திப் படிக்கப் பழகுங்கள்.

எட்டாம் படி: ராலியில் பழைய பட்டியைப் பாருங்கள்

1906இன் ஏற்பாட்டைக் கிட்டத்தட்ட அப்படியே காண விரும்பினால் ராலி பந்தயத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு நாளின் ஓட்டம் முடிந்து, அனுமதிக்கப்பட்ட சர்வீஸ் நேரமும் தீர்ந்ததும், கார்கள் வேலியிட்ட மைதானத்துக்குள் சென்று வரிசையாக நிற்கின்றன. ஓட்டுநரும் அவருக்கு வழிசொல்லும் இணை ஓட்டுநரும் உடனே வெளியேறிவிட வேண்டும். மறுநாள் தங்கள் புறப்பாட்டு நேரத்துக்கு 10 நிமிடம் முன்புதான் திரும்ப நுழையலாம். கார் கிளம்ப மறுத்தால், மெக்கானிக் வேலிக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஓட்டுநர் இருவரும் அங்குள்ள அதிகாரிகளுமே தள்ள வேண்டும். உலக ராலிப் போட்டியில் சர்வீஸ் இடங்களுக்கு வெளியே காரைப் பழுதுபார்க்கும் உரிமையும் காரில் இருக்கும் அந்த இருவருக்கே, காரிலேயே எடுத்துச் செல்லும் கருவிகளைக் கொண்டு மட்டுமே உண்டு.

தமிழ்நாட்டில் இதை நேரில் பார்க்க வாய்ப்பிருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தென்னிந்திய ராலியிலும், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் நடக்கும் தேசியப் போட்டிகளிலும் சோதனை அதிகாரிகள் கார்களைத் தடுத்துவைப்பதைக் காணலாம். அங்கே போகிறவர்கள் பந்தயம் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், அந்த வேலியோரம் சிறிது நேரம் நில்லுங்கள்; வேலியைத் தாண்டிக் கை நீட்டிப் படம் எடுப்பதும், ஓட்டுநரிடம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவதும் கூடாது. பானட்டைத் திறப்பதும், அளவுகோல் வைத்துப் பார்ப்பதும், முத்திரையைச் சரிபார்ப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆட்சேபம் தெரிவிப்பதற்கான காலக்கெடு தீர்ந்து அதிகாரிகள் விடுவிக்கும்வரை அணியினர் தங்கள் காரை எடுத்துச் செல்ல முடியாது.